ஜெபல் அலியில் ஒரு வன்னி மரம்

புதிதாக வந்து குடியேறியிருக்கும் எமது வாசகர்களில் பலருக்கு டுபாய் என்றால் ஒரு விமான நிலையம் மட்டும்தான். கொழும்பிலிருந்து ஏறி, நடுச்சாமத்தில் அங்கே இறங்கி, பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு, கையிற் கடதாசிகளை இறுகப் பிடித்தபடி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த ஓரிரு மணித்தியாலங்கள். கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் வெளிச்சம். அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க அன்று எவருக்கும் மனம் இருந்திருக்காது. எங்களுக்கும் இருக்கவில்லை. அந்த விமான நிலையத்தை நாங்கள் நாலு முறை கடந்திருக்கிறோம். அங்கிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஜெபல் அலியில், எங்கள் அக்கா இருக்கிறா என்று தெரிந்துகொண்டே கடந்திருக்கிறோம். முதல் தடவை விசா இல்லை. அடுத்த தடவைகளில் காசு இல்லை, நேரம் இல்லை. இந்த 2025 தைப்பொங்கலுக்குத்தான் ஒஸ்லோவிலிருந்து பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் இரண்டு கிழமை நின்று வந்தோம்.

ஜெபல் என்றால் அரபு மொழியில் மலை. எங்கள் சின்னவன் விமானத்தில் வரும்போதே மலையேறுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தான். நோர்வேயில் வளர்ந்த பிள்ளை, மலை என்றால் அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் அது ஒரு திட்டி. கரையோரத் தட்டை நிலத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். தான் ஏமாற்றப்பட்டதாக அவன் பெரியம்மாவிடம் முறைப்பாடு செய்தான். "மோனை, இந்தத் தேசத்தில இந்தப் பக்கம் வேற மேடே இல்லை. அதாலதான் இதுக்கு மலை எண்டு பேர்" என்றா அக்கா.

மேட்டைப் பார்க்க எவரும் ஜெபல் அலிக்குப் போவதில்லை. உலகம் அறிந்தது துறைமுகத்தைத்தான். டுபாய் நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றரில், வெறும் மணல் கிடந்த இடத்தில், ஷேக் ராஷித் அவர்களின் காலத்தில் கடலை உள்ளே வெட்டியெடுத்துக் கட்டியது. 1976 இல் வேலை தொடங்கி 1979 இல் எலிசபெத் மகாராணியார் வந்து திறந்து வைத்தார். மனிதர் வெட்டிய துறைமுகங்களில் உலகிலேயே பெரியது என்று சொல்லுவார்கள். 1985 இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இருபதடிக் கணக்கில் 1 கோடியே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்கலன்கள் அங்கே ஏறி இறங்கின. உங்கள் நகரத்துத் தமிழ்க் கடையில் நீங்கள் வாங்கும் அரிசியோ மிளகாய்த்தூளோ அந்த வழியால் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அத்தான் அந்த வலயத்தில் மின்சார வேலைப்பகுதி மேற்பார்வையாளர். அக்கா 1992 இல் கொழும்பில் கலியாணம் முடித்து அங்கே போனவ. இந்தக் கட்டுரை அக்காவைப் பற்றியதும்தான். ஜெபல் அலியை எங்களுக்குக் காட்டியது அவ. அவ காட்டிய ஜெபல் அலி சுற்றுலாப் புத்தகங்களில் இல்லை.

அக்கா மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் வீணை படித்தவ. அதற்கு முன்னரே வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தவ. எங்கள் வயதினருக்கு அந்தப் பரீட்சைக் காலம் ஞாபகம் இருக்கும். ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் யாராவது ஒரு பிள்ளை விடிய நாலு மணிக்குச் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும். ஆனால் அக்கா வீட்டுக்குள் இருந்து படிக்கிற பேர்வழி இல்லை. கிணற்றடியில், வேலியோரத்தில், மாமரத்துக்குக் கீழே பாய் போட்டு. மழை இருட்டினாலும் உள்ளே வரமாட்டா. "குமர்ப்பிள்ளை வெளியில இருந்து கத்திக்கொண்டிருக்குது" என்று அயலில் கதைத்தார்கள். அம்மா காதிற் போட்டுக்கொள்ளவில்லை. 1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியபின் அந்த மாமரத்தடியில் பதுங்குகுழி வெட்டினோம். அப்போதும் குழி வாசலில் இருந்து அக்கா முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தா.

அப்படிப்பட்ட ஒருத்தி பாலைவனத்துக்குப் போனா.

முதல் வருடத்தைப் பற்றி அவ எங்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்னமும் எங்களிடம் இருக்கின்றன. அப்போது அத்தானின் நிறுவனம் அவர்களை ஜெபல் அலி வில்லேஜ் என்ற குடியிருப்பில் ஒரு சிறிய வீட்டில் வைத்திருந்தது. துறைமுகம் கட்ட வந்தவர்களுக்காக 1970 களின் பிற்பகுதியில் போட்ட ஒற்றை மாடி வீடுகள். சுற்றிலும் மணல். அத்தான் விடிய ஐந்தரைக்குப் போனால் இருட்டத்தான் வருவார். வைகாசி பிறந்தால் வெளியே காலடி வைக்க முடியாது. ஆடி ஆவணியில் வெயில் 45 பாகைக்கு மேலே போகும். கடலிலிருந்து வரும் ஈரம் அதற்கு மேல். தண்ணீர்த் தாங்கி கூரைமேல் இருப்பதால் பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் கொதிதண்ணீர்தான் வரும். ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு சுவருக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குரல் ஒன்று கேட்க வேண்டுமென்றால் கசற் போட வேண்டும். "இஞ்ச நான் ஒரு பெட்டிக்குள்ள இருக்கிறன். பெட்டி குளிராத்தான் இருக்கு, ஆனாப் பெட்டிதான்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தா. அந்த வருடம் நாங்கள் வட நோர்வேயில் ஒரு அகதி முகாமில் இருந்தோம். எங்கள் பெட்டிக்கு வெளியே பனி, அவவின் பெட்டிக்கு வெளியே நெருப்பு. புதிதாக வந்திருக்கும் சகோதரிகளுக்கு அந்த வரியை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

அக்கா என்ன செய்தா என்றால், வெயில் விழுகிற நேரத்தைக் கணக்கெடுத்தா. கோடையில் விடிய நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் நடக்கலாம். கார்த்திகை தொடங்கிப் பங்குனி மட்டும் முழு நாளும் வெளியே இருக்கலாம். அந்த ஐந்து மாதத்துக்காக மிச்ச ஏழு மாதமும் இருக்கலாம் என்று தீர்மானித்தா. வீட்டு முற்றத்து மணலில் முருங்கைக் கம்பொன்று நட்டா. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தா. முருங்கைக்கு அந்த ஊர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருடம் காய் வந்தது. காய் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். மூன்று வீடு தள்ளியிருந்த ஒரு மலையாளக் குடும்பம், பிறகு இராமநாதபுரத்துக் குடும்பமொன்று, பிறகு மட்டக்களப்புக் குடும்பமொன்று. முருங்கைக்காய் கேட்டு வந்தவர்களின் பிள்ளைகள்தான் அவவின் முதல் மாணவர்கள்.

மாணவர் என்றால் காசு வாங்கிப் படிப்பிக்கவில்லை. கணவனின் விசாவில் இருக்கும் மனைவி தன்பாட்டில் வகுப்பு நடத்த அப்போது அங்கே இடம் இருக்கவில்லை. பாடசாலையொன்றில் இசை ஆசிரியை வேலைக்கு ஒரு தரம் விண்ணப்பித்தா. நேர்முகத்தில் உங்களுக்குப் பியானோ தெரியுமா என்று கேட்டார்களாம். வீணை தெரியும் என்று சொன்னாவாம். அத்துடன் முடிந்தது. அந்தப் பாடசாலையின் பேரை அவ எங்களுக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வகுப்பு வெள்ளிக்கிழமை பின்நேரத்தில் நடக்கும். அந்நாளில் வெள்ளி அங்கே விடுமுறை. சென்னையில் வீணை தனம்மாள் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார் என்றும், பெரிய வித்துவான்கள் எல்லாம் போய் மூச்சுக்காட்டாமல் இருந்து கேட்பார்கள் என்றும் அக்காவுக்கு அவவின் ஆசிரியை சொல்லியிருந்தாவாம். 1938 இல் தனம்மாள் மறைந்துவிட்டார். அவரின் பேத்தி பாலசரஸ்வதியின் ஆட்டமும், பேத்திமார் பிருந்தா, முக்தா ஆகியோரின் பாட்டும் அந்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வந்தவைதான். "எனக்கும் வெள்ளிக்கிழமை இருக்கு, வீடும் இருக்கு. தனம்மாள்தான் இல்லை" என்று அக்கா சிரிப்பா. 2022 ஜனவரியில் அரசாங்கம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. வெள்ளி அரை நாள் வேலை. அக்கா மாற்றவில்லை.

வீணையின் கதையைச் சொல்லவேண்டும். அக்காவின் முதல் வீணை யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, எல்லோரோடும் சேர்ந்து அப்பாவும் அம்மாவும் செம்மணி வெளியைக் கடந்து வெளிக்கிட்டபோது வீணையைத் தூக்க முடியவில்லை. அப்பா அதைப் பழைய சேலையாற் சுற்றிச் சாமியறையில் நிறுத்தி, சாமியறையைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் திறப்பு கிளிநொச்சிக்குப் போய், இன்னும் உள்ளுக்குப் போய், கடைசியில் அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்தபடி திரும்பி வந்தது. கதவும் இருக்கவில்லை, அறையும் இருக்கவில்லை.

1998 இல் அத்தான் தமிழ்நாட்டுக்குப் போய்த் தஞ்சாவூரில் ஒரு வீணை வாங்கி வந்தார். பலாமரத்து வீணை. அப்போது அவருக்கு அது மூன்று மாதச் சேமிப்பு. வந்து முதலாவது கோடையிலேயே ஒரு அநியாயம் நடந்தது. ஒரு நண்பர் வீட்டில் வாசிப்பதற்காக வீணையைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, போகும் வழியில் சாமான் வாங்க இறங்கிய இடத்தில் அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. வீணை தெரிந்தவர்களுக்கு மிச்சம் விளங்கியிருக்கும். வீணையின் 24 மெட்டுக்களும் மெழுகிலே பதித்திருக்கும். தேன்மெழுகையும் கரியையும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு. பூட்டிய காருக்குள் யூலை மாத வெயில். திரும்பி வந்து பார்த்தபோது மெழுகு இளகி மெட்டுக்கள் சரிந்து, பல்லுக் கொட்டிய கிழவியைப் போல வீணை கிடந்ததாம். அக்கா காருக்குள் இருந்து அழவில்லை, வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதாவாம். இதை அத்தான் எங்களுக்குச் சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது. காரை நிறுத்தியது அவர்.

வீணைக்கு மெட்டு வைப்பது ஒரு தனித் தொழில். ஒவ்வொரு மெட்டும் நிற்க வேண்டிய இடத்தைக் காது சொல்ல வேண்டும். ஒரு நூல் தள்ளினால் சுருதி பிழைக்கும். டுபாயில் யாரைத் தேடுவது? எட்டு மாதம் வீணை சுவரோரம் நின்றது. அக்கா பாடிக்கொண்டிருந்தா. ஒரு நாள் ஜெபல் அலித் தொழிலாளர் விடுதியொன்றுக்கு அத்தான் வேலையாகப் போனபோது, கொங்கிறீற்றுக்குப் பலகையடிக்கும் தச்சுத் தொழிலாளி ஒருவர், தஞ்சாவூர்க்காரர், தன் தாய்மாமன் வீணை செய்கிறவர் என்றும், பத்து வயதிலிருந்து மெழுகு காய்ச்சிக் கொடுத்தவன் தான் என்றும் பேச்சுவாக்கிற் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முற்றத்து முருங்கையின் கீழ் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து மெழுகு காய்ச்சினார். அக்கா தந்தியை மீட்ட, அவர் மெட்டை அசைக்க, இரண்டு வெள்ளிக்கிழமை போனது. காசு கொடுக்க, வாங்கமாட்டேன் என்றுவிட்டார். "சோறு போடுங்கக்கா, அது போதும்" என்றாராம். பிறகு நாலு வருடம், ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்வரை, அவர் வெள்ளிக்கிழமைகளில் வந்து பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவார். டுபாயின் கோபுரங்களைப் பார்த்து வாய்பிளக்கும் நாம் அதைக் கட்டியவர்களின் கை என்னென்ன தெரிந்த கை என்று நினைப்பதில்லை. கோடையில் அந்தத் தொழிலாளர்களுக்கு மதிய வெயிலில் வெளிவேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனி 15 முதல் புரட்டாதி 15 வரை, பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில். மிச்ச நேர வெயிலும் வெயில்தான்.

அந்தப் பழைய வீடு இப்போது இல்லை. அக்கா குடும்பம் 2008 இல் அதை விட்டு எழும்பி, டிஸ்கவரி கார்டன்ஸ் என்ற தொடர்மாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டது. முருங்கையைக் கொண்டுபோக முடியவில்லை. வில்லேஜ் இருந்த இடத்தில் இப்போது புது வீடுகள் எழும்புகின்றன. அக்கா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், வேலிக்கு வெளியே நின்று, "அந்தக் கிறேன் நிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் இஞ்சால" என்று கையைக் காட்டினா. அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது, மழைக்காலம் தொடங்கினால் வியாழன் இரவு கடற்கரையிற் கூடாரம் போடுவார்களாம். ஜெபல் அலிக் கடற்கரை அப்போது வெறும் கரை. நாலைந்து குடும்பங்கள், ஒரு பெரிய சட்டியில் மீன் குழம்பு, ரின் பால் தேத்தண்ணி, நடுவே அக்காவின் பாட்டு. 2002 இல் அந்தக் கரைக்கு முன்னால் பனைமர வடிவத்தில் ஒரு தீவு போடத் தொடங்கினார்கள். 2008 இன் பொருளாதார நெருக்கடியோடு அது நின்றது. மணற்தீவு பதினைந்து வருடம் சும்மா கிடந்து, 2023 இல் திரும்பவும் வேலை தொடங்கியிருக்கிறது. அதற்கு மேற்கே, அபுதாபி எல்லைப் பக்கமாக, கண்டற் காடும் கடற்புல்லும் உள்ள ஒரு பகுதியைச் சரணாலயமாகப் பாதுகாக்கிறார்கள். 2018 இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் கரையில் அழுங்காமைகள் இளவேனிலில் ஏறி வந்து முட்டையிடும். உள்ளே நினைத்தபடி போக முடியாது. கூடாரம் போட்ட ஒரு இரவில் அப்படி ஒரு ஆமை தங்கள் கண்முன்னே ஏறி வந்து, இவர்களின் வெளிச்சத்தைக் கண்டு திரும்பிப் போய்விட்டதாம். விளக்கை அணைக்கத் தோன்றாமற் போய்விட்டதே என்ற கவலை அக்காவுக்கு இன்னும் இருக்கிறது.

கோவில் என்று பார்த்தால் நெடுங்காலம் பர்துபாயில், கடற்கழி ஓரத்துச் சந்துக்குள் இருந்த பழைய சிவன் கோவிலும் கிருஷ்ணர் கோவிலும்தான். 2022 ஒக்ரோபரில், விஜயதசமியை ஒட்டி, ஜெபல் அலியிலேயே புதிய இந்துக் கோவில் திறந்தார்கள். 16 தெய்வங்களுக்குச் சந்நிதிகள். அதோடு குரு கிரந்த சாகிப்பும் உள்ளே இருக்கிறது. நடு மண்டபத்தின் விதானத்தில் ஒரு பெரிய தாமரை விரிந்திருக்கும். பக்கத்திலேயே 2012 இல் திறந்த சீக்கியரின் குருத்துவாரா, சுற்றி வரத் தேவாலயங்கள். ஊரிலே ஒரு பிள்ளையார் கோவிலுக்கும் அடுத்த பிள்ளையார் கோவிலுக்கும் வழக்குப் போட்டுத் திரிந்த ஆட்கள் நாம். கண்டுவிட்டு வந்தால் நல்லது.

2021 யூலை 7 இரவைப் பற்றியும் அக்கா சொன்னா. நள்ளிரவுக்குச் சற்று முன்பு துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் கொள்கலன் ஒன்று தீப்பற்றி வெடித்தது. நகரம் முழுவதும் கேட்ட சத்தம். தொடர்மாடியின் யன்னல்கள் அதிர்ந்தன. அக்கா நித்திரையிலிருந்து எழும்பி, மகளின் அறைக்கு ஓடி, அவளின் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளி, தானும் அவளுக்கு மேலே படுத்துவிட்டா. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது. ஜெபல் அலியில் பிறந்து வளர்ந்தவள், சண்டை என்றால் என்னவென்று தெரியாது. "அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது? அம்மா, எழும்புங்கோ" என்று அவள் கத்த, அக்கா "ரெண்டாவது வரும், பொறு, ரெண்டாவது வரும்" என்றுகொண்டே இருந்தாவாம். இரண்டாவது வரவில்லை. உயிரிழப்பு எதுவும் இல்லை என்று விடியச் செய்தியிற் சொன்னார்கள்.

முப்பது வருடத்துக்கு முந்திய மாமரத்தடிப் பதுங்குகுழியைப் பற்றி அக்கா தன் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. பாட்டையும் கடற்கரையையும் முருங்கைக்காயையும் கொடுத்து வளர்த்தா. அன்றிரவு மேசைக்குக் கீழே இருந்தபடி விடியும்வரை எல்லாவற்றையும் சொன்னாவாம். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஒஸ்லோவில் புதுவருட வாணம் வெடிக்கும்போது நாங்கள் இருவரும் ஏன் குசினிக்குள் போய் நிற்கிறோம் என்று பெரியவள் கேட்டிருக்கிறாள். குளிர் என்று சொல்லியிருக்கிறோம்.

பொங்கலுக்கு வருவோம். பொங்கலன்று அத்தான் லீவு போட்டார். விடிய நாலரைக்குக் காரில் பானை, அரிசி, பயறு, சர்க்கரை, சின்னக் காஸ் அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு, அல் குத்ரா பக்கப் பாலைவனத்துக்குப் போனோம். தைமாத விடியல் அங்கே நல்ல குளிர். நோர்வேப் பிள்ளைகளே மேற்சட்டையைப் பூட்டிக்கொண்டார்கள். அக்கா தேர்ந்து வைத்திருந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. முள்ளுள்ள, சிறு இலையுள்ள, தொங்குகிற கிளையுள்ள மரம். சுற்றிவரப் புல் பூண்டில்லாத மணலில் அது மட்டும் பச்சையாய் நின்றது.

"இது என்ன மரம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றா அக்கா.

எங்களுக்குத் தெரியவில்லை. அரபியில் காஃப் என்று சொல்லுவார்கள், 2008 இல் இதைத் தேசிய மரமாக்கினார்கள் என்று அத்தான் சொன்னார். வேர் மிக ஆழத்துக்கு இறங்கித் தண்ணீரைத் தேடும். அதனாற்றான் மழையில்லாமல் நிற்கிறது.

"அது இவங்கட பேர். இது வன்னி மரம்" என்றா அக்கா.

நாங்கள் பேசாமல் நின்றோம். விஜயதசமியன்று கோவிலில் வாழையோடு சேர்த்து வன்னிக் கிளை நட்டு, சுவாமி எழுந்தருளி வந்து வாழை வெட்டுகிற மானம்பூத் திருவிழாவை நாங்கள் சிறுவயதில் வருடா வருடம் பார்த்தவர்கள். கிளையைத்தான் பார்த்திருக்கிறோம், மரத்தைப் பார்த்ததில்லை. அம்மாவும் அப்பாவும் ஏழு வருடம் இடம்பெயர்ந்து கிடந்த நிலத்துக்கும் வன்னி என்றுதான் பேர். அக்காவும் இங்கே வந்து பத்து வருடத்துக்குப் பிறகுதான், ஒரு புத்தகத்திற் படம் பார்த்து, இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்தாவாம்.

அப்போது பக்கத்தில் ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் அடுப்பைக் கண்டு கிட்ட வந்தார். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தவர். அத்தான் அவருடன் ஹிந்தியில் கதைத்தார். இந்த மரத்துக்கு உங்கள் ஊரில் என்ன பேர் என்று அக்கா கேட்கச் சொன்னா. முதியவர் மரத்தைத் தட்டி, "கண்டி" என்றார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "எங்கட வன்னியை இந்த மனுசன் கண்டி எண்டு சொல்லுறார், கேட்டியளே!" முதியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார்.

சூரியன் வரப் பால் பொங்கியது. அக்கா மணலிற் சப்பாணி கட்டி இருந்து பூபாளத்தில் ஆலாபனை தொடங்கினா. ஐம்பத்தெட்டு வயதுக் குரல். மேலே போகும்போது கொஞ்சம் கரகரத்தது, அவ அதை மறைக்கவும் இல்லை. ஒட்டகங்கள் நின்றன. எங்கள் பெரியவள், வீட்டில் தமிழ்ப் பாட்டுப் போட்டால் காதில் ஒன்றைச் செருகிக்கொள்பவள், அசையாமல் இருந்தாள். திரும்பி வரும்போது காரில் பெரியம்மாவிடம், "வீட்டுக்குள்ள ஏன் நீங்கள் இப்பிடிப் பாடுறேல்லை?" என்று கேட்டாள். "வெளியில வந்து மூச்சு விட்டாத்தான் எனக்குத் தொண்டை திறக்கும்" என்றா அக்கா.

அன்றிரவு அத்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு அறுபத்திரண்டு. ஆனியோடு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் விசா முடியும், அவருடைய விசாவில் இருக்கும் அக்காவினதும் முடியும். அண்மைக் காலத்தில் ஓய்வுபெற்றோருக்கும் பிறருக்கும் நீண்டகால விசாக்கள் கொடுக்கிறார்கள்தான். அதற்குக் காட்ட வேண்டிய சேமிப்போ சொத்தோ அவர்களிடம் இல்லை. முப்பத்து மூன்று வருடம். அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. அகதி என்ற சொல்லைக் கேட்டாலே நாம் கூசுகிறோம். அந்தச் சொல் எங்களுக்கு ஒரு கடவுச்சீட்டைத் தந்தது. அக்காவுக்கு ஒரு நாளும் அந்தப் பேர் இருக்கவில்லை. மாதச் சம்பளமும் வீடும் காரும் இருந்தன. இப்போது எங்கே போவது என்று தெரியாமல் இருப்பது அவ. மகன் கனடாவில், அங்கே விசாவுக்குக் காலம் எடுக்கும். ஊரில் வளவு இருக்கிறது, வீடு இல்லை. மகள் டுபாயிலேயே வேலை தேடுகிறாள்.

"ஊருக்குப் போய் மாமரத்துக்குக் கீழ பாய் போடுவன்" என்றா அக்கா. மாமரம் நிற்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. போன வருடம் போய்ப் பார்த்து வந்தவர் அத்தான். அவர் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனார்.

போகவிருப்பவர்களுக்கு இடையில் சில விபரங்கள். நோர்வே போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு இருந்தால் இறங்கியவுடன் அனுமதி கிடைக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அகதிகளுக்கான பயணப் பத்திரத்தில் இருப்பவர்கள் ரிக்கற் போட முன்னரே கட்டாயம் விசாரியுங்கள். விமான நிலையத்தின் 1 ஆம், 3 ஆம் முனையங்களிலிருந்து மெற்றோவின் சிவப்புப் பாதையிலேயே இபின் பதூதா நிலையம் வரை வரலாம், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப் பெட்டி உண்டு. உள்ளே சாப்பிட்டால் தண்டம். கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையிற் போங்கள்.

புறப்படுகிற நாள் அக்கா வீணையைத் துணியாற் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் பழைய சேலை அடைத்து எங்களிடம் தந்தா. எங்கே போவதென்று முடிவாகும்வரை அது ஒரு களஞ்சிய அறையில் வெயிலிற் கிடக்கக்கூடாது என்றா. விமான நிலையத்தில் அளவு கூடிய பொதிகளுக்கான இடத்தில் கொடுத்தோம். எதிரே நின்ற இளைஞன், மங்களூர்ப் பக்கத்துப் பெடியன், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கையைக் கால்சட்டையிற் துடைத்துக்கொண்டு திரும்பக் கவனமாக மூடினான்.

வீணை இப்போது ஒஸ்லோவில் எங்கள் வரவேற்பறையில், ஹீட்டரிலிருந்து தள்ளி, யன்னலிலிருந்தும் தள்ளி, அக்கா படம் கேட்டுச் சரிபார்த்த மூலையில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பின்நேரங்களில் ரெலிபோன் வரும். பெரியவள் போனை வீணைக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு தந்தியாக மீட்டுவாள். சாரணி இறங்கியிருக்கு, கொஞ்சம் முறுக்கு என்று அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சொல்லுவா.